ஆறாவது மில்லிசெகண்டில் ஒரு மேடு

கண்ணாடி இழையின் நுனியில் ஒரு படலத்தை ஒட்டுவதுதான் அவள் வேலை. இழையே தலைமுடி கனம்தான். படலமோ, பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். இழைக்குள் ஒளி ஓடும். அழுத்தம் வந்து படலத்தை அமுக்கினால், திரும்பி வரும் ஒளி மாறும். அதைக் கணினி கோடாக வரையும். கேட்க சுலபம். ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அதைச் சோதிப்பவன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் "அண்ணி, அண்ணி" என்று குழைகிறவன், ஆய்வுக்கூடத்தில் மட்டும் மகா கறார். நீளமான இரும்புக் குழாயில் காற்றை அடைத்து, நடுவிலிருக்கும் அலுமினியத் தகட்டைக் கிழிய விடுவான். பட்டென்று ஓர் அலை குழாய் வாயிலிருந்து பாய்ந்து, எதிரே நிற்கும் இழையில் மோதும்.

அன்று காலை மூன்று இழைகள். மூன்றிலும் ஒரே வம்பு. கோடு செங்குத்தாக ஏறுகிறது, இறங்குகிறது, பிறகு ஆறாவது மில்லிசெகண்டில் சின்னதாக ஒரு மேடு. பக்கத்திலேயே வைத்த பழைய உலோக அளவியின் கோட்டில் மேடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. உங்க இழை உளறுது" என்றான் கொழுந்தன்.

தலைமைப் பொறியாளர் அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. "மூணுக்கு மூணு தப்பு. மத்தியானத்துக்குள்ள சரியா வரலன்னா பழைய அளவியே போதும்னு எழுதிடுவேன். உங்களுக்கு வேற பிரிவு பாக்கலாம்" என்றார்.

இரண்டு வருட உழைப்பு! அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. உளறுகிறவர் யாராவது மூன்று தரமும் ஒரே பேச்சைப் பேசுவார்களா?

விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஆறு மில்லிசெகண்டில் சத்தம் இரண்டு மீட்டர் ஓடும். அலை எதிலாவது பட்டுத் திரும்பி வந்ததென்றால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். கொழுந்தனின் சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை உருவி, இழையின் நுனியிலிருந்து பின்னோக்கி இழுத்தாள். ஒரு மீட்டரில் நாடா டங்கென்று இடித்தது. அவனுடைய கருவிகள் வைக்கும் இரும்புத் தள்ளுவண்டி.

"இது எப்பவும் இங்கதான் நிக்குமா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடி வரைக்கும் தள்ளணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்னு..." பாதியிலேயே அவன் முகம் வெளுத்தது. சோதனையின்போது அறையில் எந்தச் சாமானும் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனே அவன்தான். "இப்பவே வெளிய தள்ளிடறேன் அண்ணி."

"வேணாம் தம்பி. அரை மீட்டர் பின்னால மட்டும் தள்ளு." பிறகு பொறியாளர் பக்கம் திரும்பினாள். "போக வர ஒரு மீட்டர் கூடும். மேடு ஒன்பதுக்குப் போகணும் மேடம். போகலன்னா நானே என் மேசையைக் காலி பண்ணிக்கறேன்."

கொழுந்தன் வண்டியைத் தள்ளிவிட்டு, புதுத் தகட்டை மாட்டிக் காற்றை அடைத்தான். தகடு கிழிந்தது. மூன்று பேரும் திரையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

மேடு ஒன்பதில் நின்றது.

"அம்மாடி!" என்றாள் அவள். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வண்டியின் இரும்பில் பட்டுத் திரும்பிய காற்றை, ஒரு தூசி அளவு படலம் கண்டுகொண்டுவிட்டது. அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். இதைத் தன் கையாலா ஒட்டினோம் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"ஆறு வருஷமா அந்த வண்டி அங்கதான் நின்னுச்சு. இந்த அளவி ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி" என்று கொழுந்தன் முனகினான்.

பொறியாளர் கோட்டின் வால்பகுதியைப் பெரிதாக்கினார். பதினேழு தாண்டி இன்னொரு மேடு, கடுகளவு.

"இது என்ன?"

"அங்க ஒண்ணுமே கிடையாது மேடம்" என்றான் கொழுந்தன். "அளவியிலயும் இல்ல பாருங்க."

"அளவிய விடுங்க. இழை சொல்லுதுன்னா அங்க என்னமோ இருக்கு. போய்த் தேடுங்க."