பூட்டுக்குப் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பூட்டு தொங்குகிறது. சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில். அக்காவின் பிறந்தநாளுக்கு மறுநாள் மத்தியானம் பாதி கேக் காணாமல் போனதால் வந்த பூட்டு அது. யார் தின்றது என்று விசாரணை நடக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ எடையுள்ள அக்கா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் தொடலம்மா."

"பின்னே யாருடி? இவளா?" அம்மா என்னைக் காட்டினாள். நான் நாற்பத்து மூன்று கிலோ. தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா பிறந்த முதல் வருஷம் நிற்காத பேதியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாளாம். அப்புறம் பசி வந்தது. வந்தது போகவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும்.

"சர்க்கரை கேக்க ஒரு நடிப்பு" என்பார் அப்பா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவர். எதையும் அளந்துதான் பேசுவார், வீட்டில் தவிர. "இது உங்க வீட்டு உடம்பு."

"உங்க அத்தை மட்டும் கதவுல நேராவா நுழைஞ்சாங்க?" என்பாள் அம்மா. இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய அக்காவின் வயது, இருபத்தாறு.

அக்காவுக்கு எதிரான ஒரே எழுத்துச் சாட்சி என்னுடையது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில்தான் அவளுக்கு இன்சுலின் பார்த்தோம். எக்கச்சக்கமாக இருந்தது. "வாயைக் கட்டினா தானா இறங்கிடும்" என்றார் டாக்டர். அப்பா அந்த ரிப்போர்ட்டைப் பூட்டுக்கு மேலே ஒட்டினார். கீழே என் கையெழுத்து.

மூன்று மாதத்துக்கு முன் லேபுக்கு இன்சுலின் அளக்கும் புது கிட் வந்தது. புதிது வந்தால், ஃப்ரீசரில் இருக்கும் பழைய சாம்பிள்களைப் புதியதிலும் ஓட்டி, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இன்சுலின் அதிகமுள்ள சாம்பிளும் ஒன்று வேண்டுமே என்று அக்காவுடையதை எடுத்தேன். மற்ற முப்பத்தொன்பதும் பொருந்தின. அக்காவுக்குப் பழைய கிட்டில் தொண்ணூற்றாறு. புதியதில் மூன்று.

"புது கிட் சரியில்ல. திருப்பி அனுப்பிடு" என்றார் லேப் தலைவர்.

சரி சார் என்றேன். பிறகு மூன்று முறை ஓட்டினேன். எனக்குப் பேச வராது. எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவருடைய டீ கப்புக்கு அடியில் வைத்தேன்.

டீயை ஆறவிட்டு இரண்டு கிட்டின் கையேட்டையும் புரட்டினார், பிறகு விளக்கினார். உடம்பு இன்சுலினை நேராகச் செய்வதில்லை. முதலில் நீளமான ஒரு முன்வடிவம் உண்டாகும். ஒரு என்சைம் அதை வெட்டிய பிறகுதான் இன்சுலின். பழைய கிட்டுக்கு வெட்டியதும் வெட்டாததும் ஒன்றுதான். புதியது வெட்டியதை மட்டும் எண்ணும். அக்காவின் ரத்தத்தில் இருந்தது அநேகமாக எல்லாம் வெட்டாதது.

"யாரோட சாம்பிள்?"

"எங்க அக்கா."

"பழைய ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

மரபணுச் சோதனைக்கு ஆறு வாரம் ஆனது. முடிவைச் சொன்ன டாக்டரம்மா ஒரு கத்தரிக்கோலைப் படமாக வரைந்தார். "போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோனையும் இதே என்சைம்தான் வெட்டணும். இவங்களுக்கு அது வெட்டலை. வயிறு நிறைஞ்ச சேதி மேல போகவே இல்லை."

அப்பா படத்தையே பார்த்தார். "கத்தரி மழுங்கினதுக்குத் துணியைத் திட்டியிருக்கோம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்தப் பழுது யார் பக்கத்துலேர்ந்து வந்தது டாக்டர்?"

"ரெண்டு பக்கமும்தாம்மா. ஆளுக்கு ஒரு பழுது கொடுத்திருக்கீங்க. ஒண்ணு மட்டும் இருந்தா வெளியே தெரியாது."

பஸ் ஏறும்போதே அப்பாவும் அம்மாவும் அந்தப் பழைய சண்டையை விட்டிருந்தார்கள். பூட்டு இருக்கட்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பசி குறையாது, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு வேளை கொடுக்க வேண்டும், திட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டும். ஆக, தண்டனையாக வந்த பூட்டு வைத்தியமாக அங்கேயே தொங்கியது.

அப்பா பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு, நான் திருத்திக் கையெழுத்திட்ட புதியதை ஒட்டினார். அம்மா அக்காவின் தலையைத் தடவினாள்.

"அந்தக் கேக்கைக்கூட நோய்தான் தின்னிருக்கு. உன் தப்பில்லடி கண்ணு."

"நான் தொடலம்மா."

"பரவாயில்லடி. நோய்தானே."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவை மன்னித்தார்கள், அவள் செய்யாததற்கு. இனி அந்தப் பழி மருத்துவக் காரணத்தோடு நிலைத்து நிற்கும்.

"கேக்கைத் தின்னது நான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா மேல எவ்வளவு பாசம் பாருங்க!" அப்பாவும் சிரித்தார். கழுத்துச் சங்கிலியில் சாவி ஆட அம்மா உள்ளே போனாள். அப்பா பின்னாலேயே போனார்.

அக்கா சிரிக்கவில்லை. "அன்னைக்கே தெரியும். உன் மேலுதட்டுல க்ரீம் இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"எந்தக் கிட்ல ஓட்டிக் காட்டுறது?"

அவள் மேசையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"நீ சொன்னா இந்த வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க. எழுதுனாத்தான் நம்புவாங்க. எழுது."

ரிப்போர்ட்டின் அடியில், குறிப்புகளுக்கான கட்டத்தில், கேக்கில் பாதியைத் தின்றது நான் என்று தேதி, நேரத்தோடு எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.