இலைக்கு வாசல் எந்தப் பக்கம்

அருங்காட்சியகக் கூடத்தின் பாதியை ஒரு செம்பருத்தி இலை அடைத்துக்கொண்டிருந்தது. மரத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆன அந்த இலைக்குள் மனிதர்கள் போய் வரலாம். அடிப்பக்கத்து இலைத்துளை வழியாகக் கரியமில வாயுவைப் போல நுழையலாம். தூண் தூணாக நிற்கும் செல்களில் பச்சைப் பந்துகள் வெளிச்சத்தை வாங்கிச் சமைப்பதைப் பார்க்கலாம். கடைசியில் நரம்புக் குழாயில் சறுக்கி, சர்க்கரையாக வெளியே விழலாம்.

இத்தனை வருடம் அடுத்தவர் செய்த பொருட்களுக்குப் பெயர்ப்பலகை எழுதியவளுக்கு இதுதான் முதல் சொந்த வேலை. இலை தப்பில்லாமல் அமைய வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதும், அதை நீட்டிப்பது இயக்குநர் கையில் என்பதும் வேறு விஷயம்.

திறப்பு விழா நெருங்கியபோது இயக்குநர் வந்தார்.

"வாசல் எங்கம்மா?"

"கீழ சார்." அவள் குனிந்து காட்டினாள்.

"திறந்து வைக்க வர்ற தலைவர் குனிஞ்சா நுழைவாரு?"

"இலைத்துளை அடியிலதான் சார் அதிகம். மேல இருந்தா வெயில்ல தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும்."

"மேல வைங்க. ஃபோட்டோவுல அவர் முகம் விழணும், முதுகு இல்ல."

"தப்பாயிடும் சார்."

"தப்பா சரியான்னு பார்க்க இலையா வரப்போகுது?"

தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்தார். உடன் வந்தவர்கள் மரியாதைக்குரிய இடைவெளி விட்டுச் சிரித்தார்கள்.

மதியம் வரை அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு பளிச்சென்று தோன்றியது: அல்லி! மிதக்கும் இலை, அதற்குத் துளைகள் மேல்பக்கம்தான். தச்சரிடம் ஓடினாள்.

"நேத்து வரைக்கும் செம்பருத்தி, இன்னைக்கு அல்லி," என்றார் தச்சர். "நாளைக்கு வாழைன்னா இப்பவே சொல்லிடுங்கக்கா, ஆணியாவது மிச்சமாகும்."

விளிம்பை வட்டமாக அறுத்தார்கள். மேலே ஏறப் படி வைத்தார்கள். கீழ்வாசலைப் பலகையால் அடைத்து, தண்ணீருக்காக நீலத் துணி விரித்தார்கள். இயக்குநருக்குத் திருப்தி, இலைக்கும் மானம் போகவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணிப் பூரித்தபடியே வீட்டுக்குப் போனாள்.

சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் டப்பாவைத் தேடிக் குனிந்தபோதுதான் உறைத்தது. கணவருக்கு முதுகு வளையாது. ஆகவே மேல்தட்டுகள் அவருக்கு, கீழ்த்தட்டுகள் இவளுக்கு. ஒரு மனிதரை ஒருதரம் குனியச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு செடியையே மாற்றியிருக்கிறாள். அதற்குச் சாமர்த்தியம் என்று பெயரும் வைத்திருக்கிறாள்.

விழா நாளில் தலைவர் படிகளுக்கு முன்னால் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"முட்டி ஒத்துழைக்காதேப்பா. கீழ ஒரு வழி வெச்சிருக்கக் கூடாதா? குனிஞ்சு போயிருப்பேனே!"

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? கீழ அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லுங்க, சீக்கிரம்."

தச்சர் சுத்தியலோடு அவள் முகத்தைப் பார்த்தார். 'சரி சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழக்கம் அப்படி. அதைச் சிரமப்பட்டு விழுங்கினாள்.

"முடியாது சார். இது அல்லி. கீழ தண்ணி."

"எங்கம்மா தண்ணி? துணிதானே அது!"

"தண்ணி சார். கீழ வாசல் வேணும்னா அது செம்பருத்தி. நீங்கதான் வேண்டாம்னீங்க."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு நாற்காலி போடுங்க, வெளியவே இருந்து பார்க்கிறேன்," என்றார். சர்க்கரை வந்து விழும் இடத்தில் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கி வந்து அவர் காலடியில் விழுந்தார்கள். அவருக்கு மெத்த மகிழ்ச்சி. ஃபோட்டோவில் முகமும் விழுந்தது.

"நாளைக்கு என் ரூமுக்கு வாங்க. உங்க ஒப்பந்தத்தைப் பத்திப் பேசணும்," என்று இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"வரேன் சார். எனக்கும் பேசணும்."

இயக்குநர் விருட்டென்று திரும்பித் தலைவரிடம் விரைந்தார். நீலத் துணியின் ஓரம் வந்ததும் நின்று, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.