ஆறுக்கும் எட்டுக்கும் பொதுவான நாள்

எனக்கு ஒவ்வொரு ஆறாவது நாளும் லீவு. என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு எட்டாவது நாளும். ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது என் வேலை. அந்தப் போன் ஓயாது. அவருக்குப் பாட்டில் ஃபேக்டரியில் உலை, அது அணையக்கூடாது. நான் பகல், அவர் இரவு. நான் உள்ளே நுழையும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். இருபத்து நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு லீவும் ஒன்றாக விழும். அந்த ஒரு நாளில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. மற்ற நாளெல்லாம் ஒரே வீட்டில் மாறி மாறித் தூங்கும் இரண்டு பேர்.

இப்படி இருக்கையில், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி லீவுக் குழுவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவள் லீவு என்னுடையதற்கு மறுநாள். ஒரு நாள்தானே என்று பெரிய மனசு பண்ணித் தலையாட்டினேன். எங்கள் பொது நாளும் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அது வரவே இல்லை. இருபத்து நான்கு நாள் போனது, முப்பது போனது, நாற்பதும் போனது. அவரோ வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. மனுஷனுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டதோ? கரண்டி கை தவறி விழுந்தாலும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

ஒருநாள் பஸ்ஸில், கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். அவருடையது எட்டு, பதினாறு, இருபத்து நான்கு. என்னுடையது ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது, இருபத்தைந்து. ஆறும் இரட்டைப்படை, எட்டும் இரட்டைப்படை. அவர் இரட்டையை விட்டு இறங்கமாட்டார், நான் ஒற்றையை விட்டு ஏறமாட்டேன். நூறு வருஷம் எண்ணினாலும் சேராது.

அன்றே பக்கத்து சீட்டுக்காரியிடம் கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் முறைத்தேன். "சரி, எடுத்துக்கோ. இனிமே குழு கிழுன்னு எங்கிட்ட வந்தே, பாரு!" என்றாள்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அவர் வழக்கம்போல வாசலில்.

"என் பழைய லீவையே திருப்பி வாங்கிட்டேன்!"

அவர் முகம் செத்துப்போனது. "ஐயையோ! நான் நேத்துதான் ஒரு நாள் தள்ளி மாத்திக்கிட்டேன்."

"எதுக்கு?"

"உன் லீவு ஒரு நாள் தள்ளிப் போச்சே, நாமளும் தள்ளிக்கலாம்னுதான். எனக்கு வேற என்ன கணக்குத் தெரியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ என்ன பார்வை பார்த்துட்டிருந்தே இத்தனை நாளா! காரியத்தை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

இப்போது நான் இரட்டை, அவர் ஒற்றை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

"திரும்ப மாத்திக்க முடியாதா?"

"இந்த வருஷம் இனிமே கிடையாதுன்னுட்டாங்க. உன்னால?"

"அவ என்னைக் கடிச்சே வச்சுடுவா."

அவர் பாதி மாட்டிய செருப்பைக் காலாலேயே உதறினார். "பேக்கிங்ல ஆள் கேக்கறாங்க. அங்க ஏழாவது நாள் லீவு."

ஏழு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வசப்படாதது. ஆறோடு அதற்கு ஒன்றைத் தவிர பொதுவான காரணியே இல்லை. யார் லீவு எத்தனை நாள் நகர்ந்தாலும், நாற்பத்திரண்டு நாளுக்குள் ஒருமுறை இரண்டும் சேர்ந்தே தீரும். சொன்னேன்.

"நாப்பத்திரண்டா? முன்னே இருபத்து நாலுதானே?"

"லேட்டாகும். ஆனா வராமப் போகாது."

உலையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுகிறவர். புதிதாக வருகிறவர்களிடம் 'என் உலை' என்றுதான் பேசுவார். அவரா அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறார்?

"உங்க உலை?" என்றேன்.

"அது எரியும், யாராவது பாத்துக்குவாங்க" என்றார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவர் கிளம்பவில்லை. நானும் விரட்டவில்லை.