கெடாத பெட்டி

“இது கெட்டுப் போகுமா?”

“போகும் சார்.”

“என்னங்க இப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் போகவே போகாதுன்னு சத்தியம் பண்ணாத குறை.”

“எல்லா டிஸ்க்கும் ஒரு நாள் போயிடும். போகுமான்னு கேக்காதீங்க. போனா என்ன ஆகும்னு கேளுங்க.”

“சரி, போனா என்ன ஆகும்?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. டிஸ்க்கை மாத்த வர்ற எனக்கு மட்டும்தான் தலைவலி வரணும்.”

அவர் சிரித்தார். “இப்படிப் பேசினா எப்படிங்க வியாபாரம் நடக்குது?” என்றும் கேட்டார்.

நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதற்கப்புறம் இதை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அளவுக்கு, பழைய காலத்து டேப்பாக இருந்திருந்தால் தேய்ந்து அறுந்திருக்கும்.

அவர் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கின் மேலாளர். மீன், பழம், ஐஸ்கிரீம் என்று எல்லாம் அங்கே உறைந்து கிடக்கும். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மறுபடி’. கதவைப் பூட்டி நாலடி நடந்துவிட்டு, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். சரக்கு எண்ணியாச்சு என்றால், “மறுபடி எண்ணுங்க” என்பார்.

எங்களுடையது கண்காணிப்புக் கேமரா பொருத்தும் சின்ன நிறுவனம். அண்ணன் ஏணி ஏறிக் கேமரா மாட்டுவார். அண்ணி கணக்கையும் அண்ணனையும் பார்த்துக்கொள்வார். கேமரா பிடிக்கிற படமெல்லாம் போய்ச் சேருகிற சர்வர் எது, அதற்குள் எந்த டிஸ்க் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை.

கிடங்கில் ஏற்கனவே அப்படி ஒரு சர்வர் பெட்டி இருந்தது. ஒரு நாள் சரக்குத் தூக்கும் வண்டி ஒன்று அடுக்கில் மோதி, மீன் பெட்டிகள் சரிந்தன. ஓட்டுநர்கள் ஆளுக்கொருவரைக் கை காட்டினார்கள். பதிவைப் பார்க்கலாம் என்று போட்டால் திரை வெறும் கறுப்பு. முன்பு மாட்டியவர், ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சாதாரண டிஸ்க்கைப் போட்டிருந்தார். அது பகலில் உழைத்துவிட்டு மாலையில் ஓய்வெடுக்கப் பழகிய பிராணி. இத்தனை கேமராக்கள் ஓயாமல் அதன் தலையில் எழுதிக்கொண்டே இருந்தால் என்ன செய்யும்? செத்துப்போனதுகூட யாருக்கும் தெரியாமல் செத்துப்போயிருந்தது.

அதனால் இந்த முறை சூடு கண்ட பூனையாக, ஒவ்வொரு பெட்டியையும் கிடங்கிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவது என்று அவர் சொல்லிவிட்டார். நானும் இரவல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்வர ஆரம்பித்தேன்.

முதல் பெட்டியை அவரே ஓர் அறையில் வைத்திருந்தார். கம்ப்ரசரை ஒட்டின சுவர். “இங்கதான் குளுகுளுன்னு இருக்கும், பாவம், சூடாகாம வேலை செய்யட்டும்னு வெச்சேன்” என்றார் பெருமையாக. நான் ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற கம்ப்ரசரின் அதிர்வில் தண்ணீர் நடுங்கியது.

“ஓடுற பஸ்ஸில உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்களா சார்? அந்த மாதிரிதான் இந்த டிஸ்க் இப்ப எழுதிக்கிட்டிருக்கு.”

அவர் குனிந்து டம்ளரையே பார்த்தார். “நல்லது பண்றேன்னு நெனச்சு அதுக்கு நடுக்கம் வர வெச்சுட்டேனா?”

“பரவாயில்ல. அறையை மாத்திக்கலாம்.”

அறையை மாற்றியும் அந்தப் பெட்டி தேறவில்லை. அதற்கு மின்சாரம் போகிற வழி ஒன்றே ஒன்று. வயரைப் பிடுங்கினேன், படுத்துவிட்டது. இரண்டாவது பெட்டிக்கு இரண்டு வழி இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க்கை உருவினதும் படம் திக்கித் திணறியது. வேலை நடக்கும்போது டிஸ்க்கை உருவிப் பார்ப்பது என் பழக்கம். விற்கிறவர் சொல்லாததை எல்லாம் அந்த ஒரு இழுப்பு சொல்லிவிடும்.

“ஆளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம். விசாரிச்சுட்டேன்” என்றார் அண்ணி ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே.

“எந்த ஆளுக்கு?”

“ஐஸ்கிரீமுக்கு.”

நான் ஒரு துண்டை எடுத்து ரொம்ப அக்கறையாக மடித்தேன்.

“ஏண்டி, ஒரு யோசனை சொல்றேன். சுமாரான பெட்டியா ஒண்ணு போட்டுடு. மாசம் ரெண்டு தடவை மூச்சு முட்டும். நீயும் மாசம் ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். இப்படிச் சல்லடை போட்டுச் சலிச்சு நல்லதா வெச்சா, அந்த மனுஷன் உன்னை எதுக்குக் கூப்பிடப் போறார்?”

“அண்ணி, இது தொழில்.”

“சரி, தொழிலையே கட்டிக்கோ. உங்கண்ணன்கிட்ட சொல்லி நாள் பார்க்கச் சொல்றேன்.”

சிரித்தேன். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. நான் என் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறேனோ, அவ்வளவு சீக்கிரம் அந்தக் கிடங்குக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று தொண்டையிலேயே நின்றது. “சார், ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்து, “யூபிஎஸ் பேட்டரி எப்ப மாத்தினீங்க?” என்று முடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்கு பேட்டரிப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அண்ணனுக்கு இதெல்லாம் எட்டவில்லை. “அந்த ஆளு உன் உயிரை வாங்குறானாம்மா? நான் வேணா பேசட்டுமா?” என்றார்.

“வேண்டாம்ணா” என்று நான் சொன்ன வேகத்தில், காபி குடித்துக்கொண்டிருந்த அண்ணிக்குப் புரையேறியது.

மூன்றாவது பெட்டியை நான் நேர்மையாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்த டிஸ்க்குகள். மின்சாரத்துக்கு இரண்டு வழி. ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற அமைப்பு. ஒரு வாரம் ஓடியும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கடைசிச் சோதனை அன்று காலை. ஒரு டிஸ்க்கை உருவினேன். படம் இமைக்கக்கூட இல்லை. புது டிஸ்க்கைச் சொருகினேன். மற்ற டிஸ்க்குகளைப் பார்த்து அது தன்னை நிரப்பிக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். “இது ஓடட்டும் சார், மத்தியானம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் வாசல் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டி கத்திக்கொண்டிருந்தது. நிரம்பிக்கொண்டிருந்த டிஸ்க்கின் விளக்கைத் தவிர, இரண்டாவதாக ஒரு சிவப்பு விளக்கு. அதன் பக்கத்தில், கையில் ஒரு டிஸ்க்கோடு அவர், முழித்துக்கொண்டு நின்றார்.

“கை பட்டுடுச்சு” என்றார்.

“கை பட்டா வராது சார். ஒரு பூட்டை அமுக்கி, ஒரு பிடியைத் திறந்து, அப்புறம்தான் இழுக்கணும்.”

“பலமாப் பட்டுடுச்சு.”

ஒன்று ஏற்கனவே நிரம்பிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை உருவுவது, கையுடைந்தவன் முதுகில் மூட்டை ஏற்றுகிற மாதிரி. இரண்டாவது பெட்டியாக இருந்தால் ஒரு வாரப் பதிவும் மண்ணாகியிருக்கும். பதறிப்போய், நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று திரையில் சற்று முன் பதிவானதை ஓட்டினேன். அந்த அறையிலேயே ஒரு கேமரா இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

“அதை ஓட்டணுமா?” என்றார் சன்னமாக.

ஓட்டினேன். துளிகூட விடாமல் பதிவாகியிருந்தது. நான் வெளியே போகிறேன். அவர் பெட்டியைச் சுற்றி வருகிறார். கையை நீட்டுகிறார், இழுத்துக்கொள்கிறார். வாசலை எட்டிப் பார்க்கிறார். பெட்டியிடம் மன்னிப்புக் கேட்பது போல அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். பிறகு பூட்டை அமுக்கி, பிடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு உருவுகிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சந்தேகமா சார், பெட்டி மேல?”

“சந்தேகமெல்லாம் இல்ல.” அவர் டிஸ்க்கைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. “இது தோத்துட்டா நீங்க இன்னொரு பெட்டி கொண்டு வருவீங்க. அதை ஓட்டிப் பார்க்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அவ்வளவுதான் யோசிச்சேன். தப்புதான். ஆனா பாருங்க, உங்க பெட்டி தோக்கவே மாட்டேங்குது.”

நான் டிஸ்க்கை வாங்கி அதன் இடத்தில் சொருகினேன். கத்தல் நின்றது. வராந்தாவில் அண்ணனின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

“முடிஞ்சுதாம்மா? சார் கையெழுத்துப் போட்டாச்சா?”

“ஒரு நிமிஷம்ணா, அங்கேயே நில்லுங்க” என்றேன். செருப்புச் சத்தம் நின்றது.

அவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். இந்தத் தடவையும் யூபிஎஸ் பேட்டரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றேன். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”