மேல்பக்கத்து விரிசல்

இரண்டாவது மேனிஃபோல்டும் விரிசல் விட்டு வந்த அன்று, என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் என்னைப் பார்த்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொன்னார். நான் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சத்தம் பக்கத்து டீக்கடை வரை கேட்டிருக்கும்.

தேனியில் போடி ரோட்டில் எங்கள் பட்டறை. நான் மெக்கானிக்கல் படித்தவள், கம்ப்யூட்டரில் வரைவேன். அவர் வெல்டிங் செய்வார். எங்கள் தொழிலும் குடும்பமும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. ஒன்றில் சண்டை வந்தால் இன்னொன்றிலும் சோறு வேகாது.

இந்தச் சண்டையைக் கொண்டுவந்து சேர்த்தவன் சின்னமனூர் ஈஸ்வரபாண்டி. என்னைவிடச் சின்னவன், மேகமலையில் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். அவனுடைய அப்பா ஓட்டிய பழைய ஜீப்புக்கு, வேறொரு காரின் டர்போ எஞ்சினை வாங்கி மாட்டிவிட்டான். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன் பக்கத்தில் தொங்கும் டர்போ நேராகப் போய் ஸ்டியரிங் ராடில் இடித்தது. எஞ்சினின் நான்கு வாயிலிருந்து வரும் சூடான புகையை ஒன்றாகச் சேர்த்து டர்போவுக்குள் அனுப்பும் குழாய்தான் மேனிஃபோல்டு. கம்பெனிக் குழாய் அந்த ஜீப்புக்குள் அடங்காது. அதனால் எங்களிடம் வந்தான்.

இப்படி ஒரு வேலை வராதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டும் கிரில்லும் வரைந்து சலித்துப்போயிருந்தேன். பிவிசி பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி எஞ்சினுக்குள் வைத்துப் பார்த்தேன். டர்போவை ராடுக்கு மேலே தூக்கி, பானெட்டுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினேன். நான்கு குழாயும் ஏறக்குறைய ஒரே நீளம், எங்கும் முறுக்கிய வளைவு கிடையாது. இரும்பு சூட்டில் நீளும் என்பதால் அதற்கும் இடம் விட்டேன். அவர் ஸ்டெயின்லெஸ் பைப்பில் அதை அப்படியே செய்து கொடுத்தார். பொறாமைப்படுகிற அளவுக்கு அழகாக இருந்தது அவர் போட்ட ஒட்டு.

முதல் தடவை மலையேறி இறங்கியதுமே அது விரிசல் விட்டுப் புகை கக்கியது. நான்கு குழாயும் சேரும் இடத்தில், மேல்பக்கம். வெல்டிங்கில் சூடு போதவில்லையோ என்று நான் நினைத்தேன், வாய் திறந்து சொல்லவில்லை. டிராயிங்தான் சரியில்லை என்று அவர் நினைத்தார், சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் தட்டும் டம்ளரும் மட்டும் பேசிக்கொண்டன.

இரண்டாவதற்குக் கனமான பைப் போட்டோம். டர்போவின் பாரம் தாங்க ஒரு முட்டும் கொடுத்தோம். சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு நாங்களே போடிமெட்டு மலை வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. எஞ்சின்மேல் கை வைத்து ஜெபம் பண்ணித்தான் வண்டியைக் கொடுத்தோம். அதுவும் மேகமலை போய்விட்டு அதே இடத்தில் விரிசலோடு வந்து நின்றது. அப்போதுதான் அவர் அந்தக் கூடம் கோணல் பழமொழியைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் கோபமில்லாமல் ஒன்று சொன்னார். ஓமானில் இருக்கும் அவருடைய கூட்டாளி சுந்தர்ராஜ், பைப் வெல்டர் வேலைக்கு வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மூணாவதும் போச்சுன்னா நான் ஓமானுக்குக் கெளம்புறேன், எப்சி. என் கை ஒன் டிராயிங்குக்குச் சரிப்படல. ஒனக்கு நல்ல வெல்டரா ஒரு ஆளப் பாத்துக்க."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். குறையைத் தன்மேல் போட்டுக்கொண்டவரை எப்படித் திட்டுவது? அவர் போனால் பட்டறையைச் சமாளித்துவிடுவேன். அவர் இல்லாத வீட்டை என்னால் சமாளிக்க முடியாது. இதை அவரிடம் சொல்ல என் திமிர் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் உடைந்த மேனிஃபோல்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரிசலைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ தீய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தால் வெல்லம் கருகிய வாடை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டுக்கும் இனிப்பு வாடை உண்டு. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு ஹோஸ், மூடி, கிளிப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவர் அந்தப் பழுப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கப் போனார். கூலண்டு விஷம் என்று அதட்டினேன். சண்டைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்றாவதைச் செய்து மாட்டியதும், இந்தத் தடவை நாங்களும் கூட வருவோம் என்று ஈஸ்வரபாண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சின்னமனூரைத் தாண்டி, செக்போஸ்டில் பெயர் எழுதிவிட்டு ஏற ஆரம்பித்தோம். அவன் பூப்போல ஓட்டினான். ஓட்டுகிறவன்மேல் பழி போடலாம் என்று நாங்கள் இருவரும் ஒருமனதாக வைத்திருந்த ஒரே எண்ணமும் போயிற்று. டர்போ விசில் அடித்தது, ஜீப் சளைக்காமல் ஏறியது. பல கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஓர் இடத்தில் நிறுத்தினான். மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். கருப்பசாமி என்றான். பானெட்டைத் திறந்துவிட்டுப் பையிலிருந்து தேங்காயை எடுத்தான்.

அவரவர் சாமி அவரவருக்கு என்று நான் நாகரிகமாகப் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. அடுத்து என் வீட்டுக்காரரின் குரல்.

"ஏலே, நிறுத்து."

திரும்பினால், ஈஸ்வரபாண்டியின் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார். தேங்காய் மூடியில் இருந்த தண்ணீர் எஞ்சினுக்கு நேர் மேலே தளும்பியது. ஒன்றிரண்டு சொட்டுக்கள் மேனிஃபோல்டில் விழுந்து சுர்ரென்று பொரிந்தன. வெல்லம் கருகிய வாடை எழுந்தது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அடுப்பில் காயும் சட்டியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரியாமல் என்ன செய்யும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவன் நிஜமாகவே குழம்பிப்போனான்.

"இதப் போயி என்னத்தக்கா சொல்ல? எங்க அய்யா காலத்துல இருந்து இங்கன வந்தா எஞ்சினுக்கு ஊத்துவோம். பழைய எஞ்சின் ஒரு நாளும் விரிசல் விட்டதில்லயே."

பழைய எஞ்சினில் டர்போ கிடையாது, அவ்வளவு சூடும் கிடையாது. புகைக்குழாய் அடியில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்திருக்கும். அதை மேலே தூக்கி, அவன் கை நேராக வரும் இடத்தில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். சொல்லப்போனால் டிராயிங்கும் குற்றவாளிதான். அதை அப்போதே ஒப்புக்கொள்ள நான் என்ன புனிதவதியா?

அடிவாரத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன் ஊற்றிவிட்டு ஏறலாமே என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அதற்காகக் கருப்பனை அடிவாரத்துக்கு இறக்க முடியுமா என்று ஈஸ்வரபாண்டி கேட்டான். டயரில் ஊற்றச் சொன்னேன். வண்டிக்கு நெஞ்சு எஞ்சின்தான், காலில் ஊற்றி என்ன பலன் என்றான். மீதித் தண்ணீரைக் கல்லின்மேல் விட்டான். ஊற்றாமல் மேலே போக மனசு வரவில்லை என்று சொல்லி, அந்த வளைவிலேயே வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினான்.

இறங்கும் வழியெல்லாம் அவனை மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன். சின்னமனூர் நெருங்கும்போது கோபம் தணிந்து வேறொன்று தோன்றியது. ஸ்டியரிங் ராடுக்கு இடம் விட்டு வரைந்தேன், சூட்டுக்கு இடம் விட்டு வரைந்தேன். இந்த ஜீப் ஏறுகிற பாதையில் கருப்பசாமியும் இருக்கிறார். அவருக்கு மட்டும் இடம் விடாமல் வரைந்திருக்கிறேன்.

பட்டறைக்கு வந்ததும் தக்காளி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மேனிஃபோல்டின்மேல் வைத்து வெட்டினேன். ஓட்டு வீட்டுக் கூரைபோலச் சரிவாக ஒரு மூடி. விழுகிற தண்ணீர் சக்கரப் பக்கம் வழிந்துவிட வேண்டும், குழாயைத் தொடக் கூடாது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றைத் தகடு என்றால் அதுவே பழுக்கக் காய்ந்து விரிந்து தண்ணீரை உள்ளே விடும் என்றார். இரண்டு தகடு, நடுவில் காற்றுக்கு இடைவெளி, ஓரத்தை மடித்துத் தண்ணீர் வழிய ஒரு சின்னத் தூம்பு என்று அவரே அட்டையின்மேல் கோடு போட்டார். என் டிராயிங்கில் அவர் கோடு போட்டது அதுதான் முதல் தடவை. நான் அழிக்கவில்லை.

மறுபடியும் மூவரும் ஏறினோம். அதே வளைவு, அதே மரம். ஈஸ்வரபாண்டி தேங்காயை உடைத்துவிட்டு ஊற்றலாமா என்பதுபோல என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

தண்ணீர் மூடியின்மேல் விழுந்தது. ஆவி குபுகுபுவென்று எழுந்து எங்கள் முகத்தை மறைத்தது. தூம்பு வழியாக ஓடிச் சக்கரத்தோரம் சொட்டியது. இரும்பு விரியும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வரவில்லை. எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். எந்தப் பக்கமும் புகை சீறவில்லை. என் வீட்டுக்காரர் டார்ச் அடித்து, மூடிக்குக் கீழே தலையை நுழைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, காய்ந்தே கிடக்கிறது என்றார்.

ஈஸ்வரபாண்டி கல்லுக்குச் சூடம் காட்டப் போனான். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது பிழைத்துவிட்டதே, இப்போது சுந்தர்ராஜுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"காலையிலயே சொல்லிட்டேன், வரலன்னு."

"காலையிலயா? ஏறுறதுக்கு முன்னாடியேவா? இது விட்டுப்போயிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

அவர் கையிலிருந்த கரியைக் கைலியில் துடைத்தார்.

"விட்டுப்போயிருந்தா நாலாவது செய்யணும்ல. நீ வரைஞ்சத வேற எவன் ஒட்டுவான்?"