ஹீட்டர் முன்னால் தலைதீபாவளி வெடி

“எங்கப்பா வாங்கித் தரும்போது நல்லாத்தான் இருந்துச்சு. மலை மேல தூக்கிட்டு வந்து நமுத்துப் போக விட்டது யாரு? நீங்கதான?”

“அதான் காய வைக்கேன்ல. சும்மா கத்தாத.”

“ஹீட்டர் முன்னாடியா காய வைப்பாக?”

“பின்ன? இங்கன வெயிலா அடிக்குது? மொட்டைமாடி எங்க இருக்குன்னு காட்டு, அங்க கொண்டு போயிப் பரப்புறேன்.”

கொடைக்கானலில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் அறைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் பலகைதான். பக்கத்து அறைச் சண்டை எங்கள் கட்டிலில் நடப்பது போலக் கேட்டது. பேச்சை வைத்தே நம்ம ஊர் ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. காய வைப்பது எது என்றும் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் வள்ளித்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். அதுதான் சிக்கல்.

என் பெயர் ஊர்க்காவலன். சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். என் மனைவிக்கும் அங்கேயேதான் வேலை, வெடிக்குள் மருந்து செலுத்துகிற பிரிவில். 2007 ஆடி மாதம் எங்களுக்கு அடுத்த ரூமில் வெடித்துவிட்டது. வள்ளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. கரண்டி விழுந்தால் வாசலுக்கு ஓடுவாள். டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவ விடுவாள். சீசன் முழுக்க அப்படியே வேலைக்கு வந்தாள். மாத்திரை கொடுத்த டாக்டர், “கொஞ்ச நாள் சத்தமில்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் கம்பெனிகளுக்கு லீவு. எல்லோரும் வேன் பிடித்து டூர் போவார்கள். நாங்கள் கூட்டத்தோடு போகாமல் ரெண்டு பேர் மட்டும் சனி, ஞாயிறு கொடைக்கானல் போவது என்று முடிவு செய்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிப் போனதில்லை. வள்ளி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“கம்பெனிப் பேச்சே எடுக்கக் கூடாது. வெடிங்கிற வார்த்தையே என் காதுல விழக் கூடாது, சொல்லிட்டேன்.”

பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. மேலே போய் இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மேகம். அவள் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஒண்ணுமே தெரியல. நல்லாருக்கு” என்றாள். மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தாள். மாசக்கணக்கில் கேட்காத சத்தம். நான் செல்போனை அணைத்து வைத்துவிட்டு, இருமல் வந்தால்கூடப் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இந்தச் சண்டை.

தீபாவளிக்கு முன்னால் வெடியை மொட்டைமாடியில் வெயிலில் போடுவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த லாட்ஜ் ஹீட்டர் கம்பி சிவக்க எரிகிற ஜாதி. அரைகுறையாக ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். காய்ந்த மருந்தைவிட அதற்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். மேனேஜரைக் கூப்பிடலாம் என்றால் ஆபீஸ் கீழே சரிவில் இருந்தது. வள்ளியை எழுப்பினால் இந்த ஒரு தூக்கமும் போய்விடும். செருப்பைக்கூடப் போடாமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனேன்.

கதவைத் திறந்தது சின்ன வயதுப் பையன். புது மாப்பிள்ளைக் களை.

“தம்பி, மெதுவாப் பேசுங்க. எங்க வீட்ல தூங்குறாக.”

“சாரி அண்ணாச்சி. இனிமே சத்தம் வராது” என்று கதவைச் சாத்தப் போனான். காலைக் கொடுத்துத் தடுத்தேன்.

“சத்தம் இல்ல தம்பி. காயப் போட்டிருக்கீகளே, அந்தப் பெட்டி.”

“எந்தப் பெட்டி?”

உள்ளேயிருந்து அந்தப் பெண் சொன்னாள்: “அந்தா, ஹீட்டர் முன்னாடி பரப்பி வச்சிருக்காக. நல்லாக் கேளுங்க அண்ணாச்சி. தலைதீபாவளிக்கு எங்கப்பா குடுத்தது. அன்னைக்கு மழை. இங்க ஏரிக்கரையில விடப்போறாகளாம்.”

“ஏ பானு, நீ சும்மா இரு. நாங்களும் சிவகாசிதான் அண்ணாச்சி. வெடியப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?”

“எங்க வேல தம்பி?”

“பிரஸ்ல. பைண்டிங்.”

“காலண்டருக்குத் தகரம் அடிப்பாக. பேச்சப் பாத்தா வெடி குடோனே இவுகளுதுங்கிற மாதிரி இருக்கும்” என்றாள் அந்தப் பெண்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி, எடுத்துருதேன், போதுமா?” என்று குனிந்து துண்டோடு சேர்த்து இழுக்கப் போனான். புஸ்வாணம், சக்கரம், அணுகுண்டு எல்லாம் அந்தத் துண்டு மேலேதான் கிடந்தன.

“இழுக்காதலே!”

என் முதுகுக்குப் பின்னால் வள்ளி நின்றாள். தலை கலைந்திருந்தது. வெறுங்கால்.

“உரசக் கூடாது. நீ தள்ளிப் போ. ஏ பாப்பா, நீ வெளிய வா. ஏங்க, ஹீட்டர அணைச்சு அங்கிட்டுத் தூக்கி வைங்க.”

நான் செய்தேன். அவள் முட்டி போட்டு, புறங்கையை ஒரு புஸ்வாணத்துப் பக்கத்தில் காட்டிப் பார்த்தாள். “சுடுது” என்றாள். பிறகு ஒவ்வொன்றாக ரெண்டு கையாலும் எடுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் பாத்ரூம் வாளித் தண்ணீரில் அமுக்கினாள். டம்ளரை நழுவ விட்ட கை. நான் வாளியைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை.

“எல்லாம் போச்சா அக்கா?” என்றான் மாரிக்கண்ணன். அதுதான் அவன் பெயர்.

“நீ இருக்கேல்ல? அது போதும் போ.”

“எங்கப்பா வெடிச்சீகளான்னு கேட்டா என்ன சொல்லுவீக?” என்றாள் பானுப்பிரியா.

“தண்ணில விட்டோம்னு சொல்லுதேன்.”

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அழுதாள். நாங்கள் எங்கள் அறைக்கு வந்தோம்.

கட்டிலில் உட்கார்ந்ததும் வள்ளி பையை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். டூர் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“கோவிச்சுக்காத வள்ளி. வெடிங்கிற பேச்சு ஒன் காதுல விழ வேண்டாம்னுதான் நான் மட்டும் போனேன்.”

“அதான் கேக்கேன். என்னையத் தூங்க விட்டுட்டு ஒத்தையில எதுக்குப் போனீக?”

“நல்லாத் தூங்குனியே...”

“வெடிச்சிருந்தா? முழிச்சுப் பாத்தா கட்டில்ல ஆளக் காணோம். அன்னைக்கும் இதத்தான பண்ணீக. என்னைய வெளிய தள்ளிவிட்டுட்டு, நீங்க மட்டும் திரும்ப உள்ள போனீக.”

போனேன். உள்ளே எங்களோடு வேலை பார்க்கிற தங்கத்தாய் இருந்தாள். நான் போர்மேன், போகாமல் எப்படி? தங்கத்தாயை வெளியே கொண்டுவந்தேன், பிழைத்துக்கொண்டாள். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

“சத்தத்துக்கு பயந்துதான் நீ தூங்க மாட்டேங்கிறன்னு நெனச்சேன்” என்றேன்.

“சத்தம் என்ன சத்தம். சின்னப்புள்ளையில இருந்து கேக்குறேன். கண்ண மூடுனா நீங்க எந்திரிச்சுப் போயிருவீகளோன்னு இருக்கு.”

டாக்டரிடம் நான்தான் பேசினேன், சத்தம் என்று சொன்னதும் நான்தான். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவளை யாரும் கேட்கவில்லை.

“இனிமே எங்க போறதா இருந்தாலும் எழுப்பிட்டுப் போங்க” என்றாள். “ரெண்டு பேருமாப் போவம்.”

சரி என்றேன். அன்று ராத்திரி அவள் நடுநடுவே முழித்து, “இருக்கீகளா?” என்று கேட்டாள். “இருக்கேன்” என்றேன். மறுபடி தூங்கினாள்.

காலையில் மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு, ஊறிப்போன வெடிகளைப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தோம். மாரிக்கண்ணன்தான் தோண்டினான். பிறகு நாலு பேரும் ஒரே படகில் ஏறினோம். மேகத்தில் ஏரியே தெரியவில்லை. காசு கொடுத்து வெள்ளைத்துணியைப் பார்க்கிறோம் என்று பானுப்பிரியா கேலி செய்தாள். வள்ளி சிரித்தாள்.

இப்போது கம்பெனி திறந்துவிட்டது. ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். வள்ளி சில நாள் தூங்குகிறாள், சில நாள் இல்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவள் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆனால் கம்பெனியில் மறுபடி ஒரு ரூம் வெடித்தால் போர்மேன் உள்ளே போகத்தான் வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு எழுப்பிச் சொல்லிவிட்டா போக முடியும்?

இதைப் படிக்கிறவர்களில் தீயணைப்பு, போலீஸ், சுரங்கம் மாதிரி வேலையில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் இருக்கிறவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? சும்மா படித்துவிட்டுப் போகாமல் கீழே ரெண்டு வரி பதில் எழுதுங்கள். வள்ளிக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.