கை அலம்பப் போனவன்

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆரஞ்சுத் தோல் வந்து விழுந்தது. மதுவந்தி குனிந்து அதை எடுத்துக் கோட்டுக்கு வெளியே எறிந்தாள். குனிந்ததற்கு ஒரு விசில். நிமிர்ந்ததற்கு ஒரு விசில். கேன்டீன் வராந்தாவில் நெருக்கியடித்து நின்ற பையன்களில் ஒருவன், "ஏ நெட்டை, மேலே குளிர் எப்படி?" என்று வங்காளத்தில் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவன் யாரென்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னும் கேட்பார்கள்.

இதெல்லாம் பழகியதுதான். கல்லூரி அணிக்கு ஆடத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. கல்கத்தாவில் எந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போனாலும் சுவர்மேல் ஒரு வரிசை பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் கூடைப்பந்து என்றால் இரண்டு வரிசை. உயரத்தைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், தொடையைச் சொல்வார்கள். மத்ராஸி என்பார்கள், இட்லி என்பார்கள். வீட்டில் அம்மா, "கூட்டம் நன்னா வந்துதா?" என்று கேட்பாள். "வந்துது" என்பாள் மதுவந்தி. டிராம் சத்தத்தோடு தூங்கப் பழகுகிற மாதிரி இதற்கும் காது பழகிவிடும் என்று கேயா-தி சொல்லியிருந்தாள். கேயா-தி, அதாவது கேயா அக்கா, அவர்களுடைய பயிற்சியாளர். எழுபதுகளில் வங்காளத்துக்காக ஆடியவள். அவளுக்குப் பழகியதா என்று மதுவந்தி கேட்டதில்லை.

அன்று இறுதி ஆட்டம். தொண்ணூற்றெட்டு ஜனவரி. ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாம்பல் நிற சஃபாரி சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பொதுத்துறை கம்பெனியின் பெண்கள் அணிக்கு மேனேஜர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள். மதுவந்தியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று கேயா-தி முந்தின நாளே சொல்லிவிட்டாள். "உன் கை போதும். இன்னைக்கு மட்டும் நல்லா ஆடிடு." மதுவந்திக்கு இது கல்லூரியில் கடைசி வருஷம். வேலை கிடைத்தால் சம்பளம். சம்பளம் வந்தால், இனி யார் பக்கத்திலும் போய் நின்று காட்ட வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க அவள் நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

எதிரணிக் கல்லூரியில்தான் அவள் தம்பி ஜெயந்த் முதல் வருஷம் படித்தான். காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "அக்கா, நான் எங்க காலேஜ் பக்கம்தான் நிக்கணும். தெரியுமோல்லியோ?" என்றான். "நில்லு. நன்னா கத்து. நாங்கதான் ஜெயிப்போம்" என்று அவன் தலையில் தட்டிவிட்டு வந்திருந்தாள். சேர்ந்த புதிதில் அவனை வகுப்பில் இட்லி என்றே கூப்பிட்டார்கள். ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். பூஜா விடுமுறைக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது. சாயங்காலம் தாமதமாக வரத் தொடங்கினான். வீட்டு போனில் யாரோ பாப்பாய் என்பவன் அவனைக் கூப்பிட்டான். அம்மா சந்தோஷப்பட்டாள்.

முதல் பாதியில் மதுவந்தி நன்றாகவே ஆடினாள். வளையத்துக்கு அடியில் அவளை மறிக்க அவர்களிடம் ஆள் இல்லை. சஃபாரி சட்டைக்காரர் ஒரு தடவை தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் வராந்தாவில் ஒரு தகர டப்பா தட்ட ஆரம்பித்தது.

"பாத்ரோ எலோ! பாத்ரோ பாலாலோ!"

மாப்பிள்ளை வந்தான், மாப்பிள்ளை ஓடினான். அவள் கண்டுகொள்ளவில்லை. நெட்டைப் பெண்ணைப் பார்த்தால் எவனுக்கும் இது தோன்றும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். டப்பா வேகமெடுத்தது. அடுத்த அடி வந்தது.

"ஹாத் துதே கேலோ! பாத்ரோ பாலாலோ!"

கை அலம்பப் போனான், மாப்பிள்ளை ஓடினான்.

பந்து அவள் காலில் பட்டு வெளியே உருண்டது.

நவம்பரில் நடந்தது அது. மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து கோரமண்டல் ரயிலில் வந்து, இவர்களுடைய பெஹாலா ஃபிளாட்டின் மாடி ஏறி, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள். அம்மா அவளைக் கடைசி வரை உட்கார்ந்தே இருக்கச் சொல்லியிருந்தாள். நமஸ்காரம் பண்ணி எழும்போதும் கொஞ்சம் குனிந்தே எழுந்தாள். அந்தப் பையனின் அம்மாதான், "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கோ, பாப்போம்" என்றாள். நின்றார்கள். அவன் அவள் காது வரை இருந்தான். அவன், "கை அலம்பிண்டு வரேன்" என்று உள்ளே போனான். குழாய்ச் சத்தம் கேட்டது. சமையல்கட்டு வழியாகப் பின்படி இறங்கிப் போய் வாசலில் நின்ற டாக்ஸியில் உட்கார்ந்துகொண்டான். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா போய் அதை மூடினார். அவர்கள் போன பிறகு அப்பா சொன்னது ஒன்றுதான். "இது இந்த நாலு சுவத்தைத் தாண்டப்படாது."

அன்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டித் தட்டித் திறக்க வைத்தவன் ஜெயந்த். "அவன் குள்ளன்க்கா. ச்சாடோ நா, விடு" என்றான். பிறகு வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையை உதறிக்கொண்டு, அந்தப் பையன் பூனை மாதிரி படியிறங்கியதை நடந்து காட்டினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடியும் நடக்கச் சொன்னாள்.

குழாய், கை அலம்பல், பின்படி. அந்த வீட்டில் நான்கு பேருக்குத் தெரியும். சென்னையில் மூன்று பேருக்கு. வராந்தாவில் நிற்கிற இருநூறு பேருக்கு எப்படித் தெரியும்?

இப்போது அவள் கூட்டத்தைப் பார்த்தாள். டப்பா தட்டுகிறவன் நடுவில் நின்றான். அந்தப் பாப்பாய் இவனாகத்தான் இருக்க வேண்டும். அவனுடைய மற்றொரு கை ஒரு அரக்கு ஸ்வெட்டரின் தோளைச் சுற்றியிருந்தது. அந்த ஸ்வெட்டரை அம்மா போன வருஷம் பின்னினாள். கழுத்துப் பட்டியில் ஒரு கண்ணி விட்டுப்போய் மறுபடி பிரித்துப் பின்னினாள். ஜெயந்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் ஆரஞ்சு கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "கான் திபி நா" என்றாள் கேயா-தி. காது கொடுக்காதே. மதுவந்தி நடுவரிடம் போனாள். "கேக்கலையா உங்களுக்கு?" என்று வங்காளத்தில் கேட்டாள். அவர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அவங்க பந்தைத் தொடலையேம்மா" என்றார். சஃபாரி சட்டைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஷூ நுனி டப்பாவின் தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. தனக்குத் தெரியாமலே ஆட்டியிருப்பார். அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் பாதி முழுக்கப் பாட்டு. ஏணி கொண்டு வா என்று ஒரு அடி சேர்ந்தது. டாக்ஸி வந்தது, மீட்டர் ஓடியது. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குப் புரிந்தது: ஜெயந்த் எதையும் விடாமல் சொல்லியிருக்கிறான். அவள் இடித்துக்கொண்டு ஓடினாள். ஃபவுல் வாங்கினாள். எதிரணிப் பெண் ஒருத்தி பந்துக்காக நெருங்கி நின்றபோது மெதுவாக, "எங்களுக்கும் அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். மதுவந்தி அவளையும் இடித்தாள்.

கடைசியில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நேரம் முடிகிற சமயம் வளையத்தடியில் அவள் கையைத் தட்டிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் சமம், கூடுதல் நேரம் கிடைக்கும். கோட்டில் போய் நின்றாள். இந்த விளையாட்டில் ஒருத்தி தனியாக நிற்கிற இடம் அது ஒன்றுதான். மற்றவர்கள் அசையக்கூடாது. வராந்தா அசையலாம்.

முதல் பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

நடுவர் இரண்டாவது பந்தைக் கொடுத்தார். திடீரென்று பாட்டு நின்றது. டப்பா மட்டும் மெதுவாகத் தட்டியது. பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். கூட்டம் விலகி வராந்தாவில் இடம் விட்டிருந்தது. பாப்பாய் ஜெயந்தை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினான். ஜெயந்த் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு இல்லாத வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். ஈரக் கையை உதறினான். பூனை மாதிரி நடந்தான். அவள் அறையில் நடந்த அதே நடை.

வராந்தா வெடித்தது.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடிந்த விசில் ஊதிவிட்டார்கள்.

சஃபாரி சட்டைக்காரர் போவதற்கு முன் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "உன் கை ரொம்ப நல்ல கை, மா. ஆனா தலை சூடு. ஆபீஸ் லீக்ல இதைவிட மோசமாக் கத்துவாங்க. பசங்க, ஏதோ தமாஷ் பண்றாங்க. நீ மனச அடக்கக் கத்துக்கோ. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் நான் எந்தக் காலேஜ்லயும் இருக்க மாட்டேன்" என்றாள் மதுவந்தி. "கத்தினவங்கள ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?"

"அவங்க என் டீமுக்கு வரப் போறதில்லையே, மா" என்றார் அவர்.

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். தோல்களும் கடலைப் பொட்டலக் காகிதங்களும் நசுங்கிய டப்பாவும் கிடந்தன. அரக்கு ஸ்வெட்டர் இல்லை.

பெஹாலா மினி பஸ்ஸில் உட்கார இடமில்லை. மினி பஸ்ஸின் கூரை அவள் உயரத்துக்கு ஆகாது. கழுத்தை மடித்துத் தோளைக் குறுக்கித்தான் நிற்க வேண்டும். மூன்று வருஷமாக அப்படித்தான் நின்று போகிறாள். அன்று கழுத்தை மடிக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை கூரையில் இடித்தது. கண்டக்டர், "திதி, குனிஞ்சுக்குங்க" என்றான். "முடியாது" என்றாள்.

வீட்டில் சாம்பார் வாசனை. அம்மா சகுந்தலா கதவைத் திறந்தபடியே சொன்னாள். "ஜாம்ஷெட்பூர்லேருந்து போன் வந்துதுடி. ஞாயித்துக்கிழமை வரா. இந்தத் தடவை உயரத்தைக் கேட்டுண்டுதான் மேல பேசினேன். பையன் உன்னைவிட ஒசரம்."

அப்பா பத்மநாபன் கிடர்பூர் துறைமுக ஆபீஸிலிருந்து வந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்."

"அந்த வேலை?"

"இல்லை."

"போறது போ" என்றாள் அம்மா. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயந்த் சாப்பிடுகிற நேரத்துக்கு வந்தான். கையில் மண்சட்டி. நூலால் கட்டிய தாளுக்கடியில் மிஷ்டி தோய், இனிப்புத் தயிர். மதுவந்திக்குப் பிடிக்கும் என்று எப்போதாவது வாங்கி வருவான். அதை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பரிமாறினாள். சாம்பார் ஆயிற்று, ரசம் ஆயிற்று. தயிர் சாதம் பிசைகிற நேரத்தில் மதுவந்தி இடது கையால் மேஜையைத் தட்ட ஆரம்பித்தாள். மெதுவாக. பிறகு பாடினாள்.

"பாத்ரோ எலோ, பாத்ரோ பாலாலோ."

ஜெயந்தின் கை தட்டில் நின்றது.

"ஹாத் துதே கேலோ, பாத்ரோ பாலாலோ."

"என்னடி பாட்டு, சாப்பிடற எடத்துல?" என்றாள் அம்மா. அவள் வங்காளம் காய்கறிக்காரனோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு அப்படியில்லை. இருபத்திரண்டு வருஷ துறைமுகம். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. மதுவந்தியைப் பார்த்துத்தான் சொன்னார். "நிறுத்து. போறும்."

"ஏன்ப்பா? இருநூறு பேர் பாடினா. அவாள யாரும் போறும்னு சொல்லல." அவள் பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மேஜை அதிர்ந்தது. டம்ளர் தண்ணீர் தளும்பியது.

"ஹாத்னா கையில்லியோ?" என்றாள் அம்மா. கரண்டி அந்தரத்தில் நின்றது. "கைய என்ன? யாரு பாடினா? எனக்குச் சொல்லுங்கோளேன் யாராவது."

"ஜெயந்த் சொல்லுவான்" என்றாள் மதுவந்தி. "தமிழ்ல சொல்லட்டும். நடந்தும் காட்டுவான்."

"அக்கா." அவன் குரல் உடைந்தது. "நான் ஒரே ஒரு தடவதான்... கேன்டீன்ல எல்லாரும் ஏதேதோ சொல்லிண்டிருந்தா. நானும் ஏதாவது சொல்லணுமேன்னு... அவங்க பாட்டா கட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நடந்தது யாரு?"

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். நவம்பர் மாதத்துக் குழாய்ச் சத்தம் அவளுக்கு இப்போதுதான் கேட்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. "ஜெயந்த்?" என்றாள்.

ஜெயந்த் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "கை அலம்பிண்டு வரேன்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது.

மதுவந்தி எழுந்து போய் சமையல்கட்டு வாசலில் நின்றாள். பின்படிக்கும் குழாய்க்கும் வழி அது ஒன்றுதான். தோளைக் குறுக்கவில்லை. தலை நிலையின் மேல்கட்டையில் முட்டியது. முட்டியபடியே நின்றாள். ஜெயந்த் எச்சில் கையைத் தன் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அவளெதிரே நின்றான். எதையும் தொட முடியாது, முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ள முடியாது. தயிர் சாதம் அவன் விரலிடுக்கில் வெள்ளையாகக் காய ஆரம்பித்திருந்தது.